பெட்டிமேல் போட்ட என் வார்த்தை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம், தூங்குகிறோம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்று எழுதுகிறேனே தவிர நீ அப்படி இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று உனக்குப் பக்கென்று இருக்கும். யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை நீ இருமினாய், அதைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை நீ இருமவே இல்லை, அப்படியும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியும் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் முதலில் தட்டுவது நம் வீட்டுக் கதவைத்தான், இவரும் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், திரும்பி வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறார். சொன்னால் கேட்டால்தானே. அக்கா புது வீட்டுக்கு மாறிவிட்டாள், சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறது என்று புலம்பிக்கொண்டே சந்தோஷமாக இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறது. சரி, சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும், விஷயத்துக்கு வருகிறேன்.

நீ மூன்று மாதத்துக்கு முன்னால் அனுப்பினாயே, அந்தச் சின்னக் கருவி, அதைப் பற்றித்தான். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் சொருகி மறுபக்கம் ஹெட்போனைச் சொருகினால், உள்ளே வெறும் எண்ணாகக் கிடக்கிற பாட்டையும் பேச்சையும் நல்ல சத்தமாக மாற்றி, ஹெட்போனுக்கு வேண்டிய பலத்தையும் கொடுத்துவிடும், பெரிய கம்பெனிகள் விற்கிற விலையில் கால்வாசிக்கு எல்லாரும் வாங்கலாம் என்று நீ சொன்னாய். இருந்த வேலையை விட்டுவிட்டு நீயும் உன் பார்ட்னரும் ஒரு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்தது. மாதிரிக்குச் செய்த முதல் பத்தில் ஒன்றை எனக்கு அனுப்பி, ஆபீஸில் ஒரு வாரம் வைத்துக் கேட்டுப் பாரும்மா, உள்ளதை உள்ளபடி சொல்லு என்றாய். உள்ளதை உள்ளபடி என்று இரண்டு தடவை சொன்னாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் வேலை என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதில் மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, டாக்டர்கள் பேசிவைத்ததையும் விசாரணைகளில் பேசியதையும் தட்டச்சு செய்து கொடுக்கிற வேலை, இருபத்தெட்டு வருஷம். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கேட்காத இடத்தில் புள்ளி வைத்து, எத்தனையாவது நிமிஷம் எத்தனையாவது நொடி என்று ஓரத்தில் குறித்துவிட வேண்டும், ஊகம் பண்ணி எழுதக் கூடாது. போன வருஷம் புதிதாக வந்த பெண் ஒருத்தி, டாக்டர் இடது கண் என்றாரா வலது கண் என்றாரா என்று தெரியாமல், வலதாகத்தான் இருக்கும் என்று அடித்துவிட்டாள். நல்லவேளை, சரிபார்க்கும்போது என் கையில் மாட்டியது. அத்தனை பேர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். காதுல விழலைன்னா விழலைன்னு எழுது, உன் ஆசையை எல்லாம் எழுதாதே என்று கத்தினேன். அவள் பாத்ரூமில் போய் அழுதாள். அப்படிப்பட்ட அம்மாதான் நான்.

இப்போது கேள். உன் கருவியை முதல் நாளே சொருகிப் பார்த்தேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இது முகத்துக்காகச் சொல்வது இல்லை. குரல் அப்படித் துலக்கமாக வருகிறது. வாய்க்குள்ளேயே பேசுகிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் பேசுவதை எழுத எனக்கு எப்போதும் இரட்டை நேரம் ஆகும், அன்றைக்கு ஒரே ஓட்டமாக எழுதி முடித்தேன். வீட்டில் அப்பாவின் பெரிய ஹெட்போனில் மாட்டிக் கேட்டேன், பிரமாதம், ஒரு குறை சொல்ல முடியாது. சூடு ஏறவில்லை, எட்டு மணி நேரம் ஓடியும் மக்கர் பண்ணவில்லை.

ஆனால் நான் ஆபீஸில் போடுவது காதுக்குள் வைக்கிற சின்ன இயர்போன், இன்றைக்கு ஊரில் முக்கால்வாசிப் பேர் போடுவதும் அதைத்தானே. அதில் யாரும் பேசாத நேரத்தில் பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேசும்போது மறைந்துவிடுகிறது, பேச்சு தாழ்கிற இடத்தில் மறுபடி எழுந்து வார்த்தையின் வாலை விழுங்கிவிடுகிறது. பக்கத்து சீட்டுக்காரியின் காதில் மாட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன், என்னக்கா, வெளியே மழையா என்று கேட்டாள். சத்தம் கூட்டுகிற திருகைக் குறைத்து வைத்தால் இடது காதில் மட்டும் கேட்கிறது, வலது காது நாலைந்து கோடு தள்ளித்தான் எழுந்திருக்கிறது. மவுஸை நகர்த்தினால் லேசாகக் கிர்ரென்கிறது. வயரை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், இயர்போனை வலதும் இடதுமாக மாற்றி மாட்டினேன், உன் கருவியை எடுத்துவிட்டு நேராகச் சொருகியும் பார்த்தேன், அப்போது சத்தம் இல்லை. எல்லாவற்றையும் நிமிஷம் நொடியோடு டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நீ கூப்பிட்டாய்.

எப்படிம்மா இருக்கு என்று கேட்டுவிட்டு நீ மூச்சை அடக்கிக்கொண்டாய். இருபத்தெட்டு வருஷம் பிறத்தியார் மூச்சைக் கேட்டவளுக்கு என் பிள்ளையின் மூச்சு கேட்காதா. அதற்கு முந்தின வாரம்தான் பட்டறைத் தரையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாய், நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டைரி என் மடியில் விரித்தபடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், கண்ணாடி மாதிரி இருக்குடா, ஒரு குறையும் இல்லை என்று. நீ மூக்கை உறிஞ்சினாய். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அந்த அரை நிமிஷ நிம்மதிக்காகத்தான், கண்ணா, நான் பொய் சொன்னேன். அந்தப் பெண் டாக்டரின் வார்த்தையில் ஊகம்தான் பண்ணினாள், நான் நன்றாகக் கேட்டதையே இல்லை என்றேன். அவள் இன்னும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள், எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்களிடம் மீட்டர் இருக்கிறது, மிஷின் இருக்கிறது, தானே கண்டுபிடித்துச் சரிபண்ணிவிடுவார்கள், கிழவி காதை நம்பியா இருக்கிறார்கள் என்று. நீ ஒவ்வொரு தடவையும் வேலை நல்லாப் போகுதும்மா என்பாய், நான் எதுவும் கேட்காமல் அக்காவின் கதையை எடுத்துவிடுவேன். அப்படியே மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்.

போன திங்கட்கிழமை உன் பார்சல் வந்தது. உள்ளே வெறும் அட்டைப்பெட்டி, கடைக்குப் போகப்போகிற பெட்டியின் மாதிரி என்று எழுதியிருந்தாய். மூடியில் நீலத்தில் அச்சடித்திருந்தது, கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு குறையும் இல்லை, இருபத்தெட்டு வருஷம் காதால் வேலை செய்தவர் சொன்னது என்று. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டிவி பக்கத்தில் எடுத்து வைத்தார், லிஃப்ட் ரிப்பேருக்குக் கூப்பிட வந்தவரை உள்ளே இழுத்துக் காட்டினார், என் வீட்டம்மா சொன்னது சார், அச்சுல வந்திருக்கு என்றார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு வெளியே வரவே இல்லை. மறுநாள் சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கயிறு நைஞ்சு போயிருக்குன்னு தெரிஞ்சே ஏறுங்க ஏறுங்கன்னு ஆளை ஏத்தின மாதிரி இருக்கு நீ பண்ணினது என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நான் பார்த்ததில்லை. பெட்டியை மட்டும் அவரே டிவி பக்கத்திலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

உன்னிடம் சொல்ல வாய் வராததால் நேற்று உன் பார்ட்னரைக் கூப்பிட்டேன். உன்னைத் தாண்டிக்கொண்டு போனது தப்புதான், அதற்கும் சேர்த்துத் திட்டு. ஆயிரம் கருவி செய்து தரச் சொல்லி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறோம், நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து வைத்ததெல்லாம் அதில்தான் போகிறது என்று அவன் சொன்னான். நான் டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். அப்புறம் சொன்னான், அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை குறைக்கவில்லை. அம்மா, உங்க பிள்ளைக்கு முதல் நாளே அந்தச் சத்தம் கேட்டுச்சு, நான் பெரிய ஹெட்போன்லதான் கேட்பேன், எனக்குக் கேட்கலை, மீட்டர்லயும் பெருசா ஒண்ணும் காட்டலை, அவன் மட்டும் இருக்கு இருக்குன்னு ரெண்டு வாரம் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டான், கடைசியிலதான் எங்க அம்மா காதுக்கு எதுவும் தப்பாது, அம்மாகிட்ட அனுப்புவோம்னான், நீங்க ஒரு குறையும் இல்லைன்னு சொன்னதும் அப்ப கோளாறு என் காதுலதான்னு முடிவு பண்ணிட்டான், காது டாக்டர்கிட்டக் கூடப் போயிட்டு வந்தான், அவர் கோளாறு ஒண்ணும் தெரியலை, எதுக்கும் இதை விடுங்கன்னு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கார், ரெண்டரை மாசமா விட்டுக்கிட்டுத்தான் இருக்கான் என்று.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்துச் சொன்னேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே, உன் காதையே நீ நம்பாமல் பண்ணிவிட்டிருக்கிறேன். பாவி நான். உன் பார்ட்னர்தான், வெள்ளிக்கிழமை கையெழுத்தை நான் ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போடறேன், அதுக்குள்ள நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்கம்மா, நான் சொன்னா நம்ப மாட்டான் என்று சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை, அவனை விட்டுவிடாதே.

டைரியிலிருந்து நாலு பக்கத்தையும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். எந்தப் பதிவு, எத்தனையாவது நொடி, திருகு எந்தக் கோட்டில் இருந்தது, எல்லாம் இருக்கிறது. மூன்று குறை, மூன்றையும் சரிபண்ணாமல் ஒன்றைக்கூட விற்காதே. எதை எப்படிச் சரிபண்ணுவது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். சரிபண்ணி அனுப்பினால் மறுபடி கேட்டுச் சொல்கிறேன், ஆனால் நான் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு பண்ணாதே, என் பக்கத்து சீட்டுக்காரியையும் கேள், அவளுக்கு உன்மேல் பாசம் எதுவும் கிடையாது. என்மேல் கோபம் வந்தால் கூப்பிட்டுக் கத்து, கத்தி முடிக்கும்வரை நான் போனை வைக்க மாட்டேன், இருமலைப் பற்றியும் பேச மாட்டேன். பட்டறைத் தரையில் வெறுமனே படுக்காதே, கீழே கனமாக எதையாவது போட்டுப் படு. அக்காவுக்கு ஒரு போன் பண்ணு, தம்பி மறந்துவிட்டான் என்கிறாள்.

நீயும் உன் வேலையும் நன்றாக வரவேண்டும், நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. முக்கியமான ஒன்று, இதைப் படித்ததும் அந்தச் சொட்டு மருந்தைத் தூக்கிக் குப்பையில் போடு. உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. அந்தச் சத்தம் இருக்கிறது கண்ணா, நானும் கேட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா