பையில்லாத சட்டை

பனச்சமூடு,
22 நவம்பர் 1954

வால்பாறையில் இருக்கும் கனகதாஸ் அத்தானுக்கு, சுகிர்தபாய் தோத்திரம் சொல்லி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இன்று அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. பயமெல்லாம் உங்கள் தம்பியைப் பற்றித்தான். ‘உடனே வரவும்’ என்று தந்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். காரணத்தை இதில் எழுதுகிறேன்.

நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன ஆகஸ்ட் ஊர்வலத்தில் போலீசார் சுட்டபோது, கூட்டாளி தங்கையன் இவர் மடியில் உயிர் விட்டதை முன்பே எழுதியிருந்தேன். தங்கையன் போட்டிருந்தது இவர் தைத்துக் கொடுத்த சட்டை. அன்றுமுதல் இவர் தையல் மிஷினைத் தொடவில்லை. பஸ் டயர் வெடித்தால் வெட்டுமேசைக்கு அடியில் போய்விடுகிறார். தூக்கத்தில் இரண்டு கையாலும் எதையோ அமுக்கிப் பிடிக்கிறார். ‘நானாக்கும் அவனெ கூட்டீட்டுப் போனது. நான் மட்டும் எதுக்கு இருக்கணும்’ என்று ஒருநாள் சொன்னார்.

இயக்கத்துக்காரர்கள் இவருக்கு மாலை போட்டு, பாறசாலைவரை மேடைமேடையாக ஏற்றி நடந்ததைச் சொல்ல வைத்தார்கள். சொன்னால் பாரம் குறையும் என்று நானும் வேட்டி துவைத்துக் கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் முகம் வெளிறித்தான் திரும்பினார். எல்லை பிரித்தால் நாம் எந்தப் பக்கம் விழுவோம் என்று ஊரே கேட்கிறது. எந்தப் பக்கம் விழுந்தால் எனக்கென்ன, இவர் இருந்தால் போதும்.

சனிக்கிழமை மிஷின் சத்தம் கேட்டு ஓடிப்போனேன். வெள்ளைத் துணியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. அழுதேவிட்டேன் அத்தான். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகூடப் போட்டேன்.

இன்று காலை அந்தச் சட்டையைத் தேய்க்க எடுத்தேன். அதில் பை இல்லை. முதுகு மேலிருந்து கீழ்வரை திறந்து, கட்டுவதற்கு நாடா வைத்திருந்தது. இறந்தவர்களுக்கு உடுத்தத்தான் நம் கடையில் அப்படித் தைப்பது. யாருக்காக இருக்கும் என்று டேப் வைத்து அளந்தேன். நெஞ்சு முப்பத்தாறு, கை இருபத்துமூன்றரை. பதினோரு வருஷமாக அந்த அளவுச் சட்டைக்கு நான்தான் பொத்தான் வைக்கிறேன்.

வீட்டில் ஒளிக்க வேண்டியதையெல்லாம் ஒளித்துவிட்டேன். அயல்வீட்டுக் கிருஷ்ணன்குட்டி வேலைக்குப் போகாமல் இவரோடு கடையில் உட்கார்ந்திருக்கிறார். ‘பேடிக்கண்டா சேச்சீ, ஞான் இவிடெ உண்டு’ என்று, நான் பயப்படாதிருக்க மலையாளத்தில் தைரியம் சொன்னார். நாளை மூவருமாக நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இவரைத் தனியே விட மாட்டோம்.

அத்தான், பர்மா யுத்தத்திலிருந்து வந்த வருஷம் நீங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்ததையும், குளத்தங்கரையிலிருந்து மாமி உங்களைக் கைபிடித்து அழைத்து வந்ததையும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை. மன்னியுங்கள், இப்போது கேட்கிறேன். அன்றைக்கு எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று இவரிடம் வந்து சொல்லுங்கள். மேடையில் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

சட்டையின் முதுகை மூடித் தைத்துவிட்டேன். மிஷினில் தைத்தால் அவருக்குக் கேட்கும் என்று கையாலேயே தைத்தேன். நெஞ்சில் ஒரு பையும் வைத்திருக்கிறேன். அதை உடுத்திக்கொண்டு அவர் உங்களைக் கூப்பிட பஸ் நிறுத்தத்துக்கு வரும்படி கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தம்பி ஜெயதாஸின் மனைவி
சுகிர்தபாய்