இருபத்தாறாவது நாளும் எழாத கோழி

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, காலை 6.10. கூடைக்குள் கோழி ஒன்று, முட்டை ஆறு. நீங்கள் வைத்தது ஏழு. ஒன்று நேற்று உடைந்து, கொல்லை முழுக்க நாற்றம்.

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அப்பா,

சௌக்கியமா என்று கேட்க வழியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அடைகாக்க அவயத்தில் உட்காரவைத்துவிட்டுப் போன கருங்கோழி, இருபத்தாறு நாளாகியும் முட்டையை விட்டு எழமாட்டேன் என்கிறது. குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோழிக்கு யாரும் சொல்லவில்லை போல. நாளுக்கு ஒரு தடவை இறங்கி நாலு கம்புமணியைக் கொத்திவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொள்கிறது. தராசில் போட்டுப் பார்த்தேன். ஒன்றேமுக்கால் கிலோ இருந்தது ஒன்றேகாலுக்கு வந்துவிட்டது. கொண்டை வெளுத்துவிட்டது. இப்படியே விட்டால் இந்த வாரம் தாண்டாது.

அது செத்தால் எனக்கென்ன என்று எழுதத்தான் நினைத்தேன். அம்மா இருக்கிறாளே. எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கூடைக்குத்தான் போகிறாள். நீங்கள் போன பிறகு அவள் வாயைத் திறந்து பேசுவது அந்தக் கோழியிடம் மட்டும்தான். இதுவும் போய்விட்டால்?

அந்த வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “கோழி அவயத்துக்கு உக்காந்துருச்சு கண்ணு. முட்டைய வெச்சுடறேன். ஆசுபத்திரிக்குத் திங்கக்கெழம போலாம், பாத்துக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டீர்கள். பாத்துக்கலாமாம்! முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் நிட்டிங் ஃபிட்டர். ஓடுகிற மெஷினில் ஒரு ஊசி உடைந்தால், நிறுத்தி அந்த நிமிஷமே மாற்றுகிற ஆள். சொந்த நெஞ்சுக்கு மட்டும் திங்கட்கிழமையா?

கூடையில் நீங்கள் பரப்பிய பனியன் கட்டிங் வேஸ்ட் துணியிலிருந்து நூல் பிரிந்து கோழியின் காலைச் சுற்றி இறுகிக் கிடந்தது. கத்தரித்து எடுத்தேன். அடியில் ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் முட்டை கெடக் கூடாதென்று இரும்புக்கு ஒரு நிட்டிங் ஊசி, அதுவும் கொக்கி உடைந்தது. இடிக்கு எவ்வளவு முன்னேற்பாடு!

அவயத்தைக் கலைக்க மூக்கில் இறகு சொருகுவார்கள். அந்தக் கொடுமை எனக்கு வேண்டாம். வயிற்றுச் சூடு தணிந்தால் கோழி தானாகத் தெளியும். கம்பி வலையில் கூண்டு செய்து, கொட்டகையில் தொங்கவிட்டு, அடியில் டேபிள் ஃபேன் வைத்தேன். ஷிப்ட் முடிந்து முதலிபாளையத்திலிருந்து வந்து பார்த்தால் கூண்டு காலி. கோழி கூடையில். அம்மா எடுத்து விட்டிருக்கிறாள். மறுநாளும் இதே கதை.

“ஏம்மா, அது சாவோணுமா?”

“இதென்ன உன்ற கம்பெனி மெஷினா, பட்டனை அமுத்துனா நிக்கறதுக்கு? அவுங்க கையால வெச்ச முட்டை. நீ தொட்டீன்னா நான் இந்த ஊட்டுல சோறு திங்கமாட்டேன்.”

நேற்று மாலை எனக்குப் பொறுமை போய்விட்டது. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, செல்போன் டார்ச்சில் வைத்து அம்மாவிடம் காட்டினேன். கரு இருந்தால் உள்ளே கறுப்பாகத் தெரியும். ஆறும் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விட்டன.

“பாரு, அத்தனையும் கூமுட்டை. காலம் பூராக் கோழி வளத்தவருக்கு இதுகூடத் தெரியல.”

அம்மா முட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“சேவல் எங்க சாமி?”

டார்ச்சை அணைத்துவிட்டேன் அப்பா.

ஆனி மாதம் எனக்கு நைட் ஷிப்ட். விடியற்காலம் வந்து படுப்பேன். சேவல் சரியாக அப்போதுதான் தொண்டையைத் திறக்கும். “ஒண்ணு அது இருக்கோணும், இல்லீனா நான் இருக்கோணும்” என்று உங்கள் முகத்துக்கு நேராகக் கத்தினேன். அன்றைக்கே அதன் காலைக் கட்டி, குன்னத்தூர் மாமன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டீர்கள். அவயம் வைத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. எந்தப் பாகத்தைக் கழற்றினால் மெஷினில் எது நிற்கும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சேவலைக் கழற்றியதை மறந்துவிட்டேன்.

“அவுங்களுக்கும் தெரியும்” என்றாள் அம்மா. “கோழி வெறுங்கூடையில போயி உக்காந்துக்கிச்சு. இறகு சொருக மனசு வரல. ஏழு முட்டைய வெச்சுட்டு, பாத்துக்கலாம்னாங்க.”

“அப்ப உனக்கும் தெரியுமா?”

“தெரிஞ்சா? எடுத்து வீசிப்போடறதா?”

எனக்காகச் சேவலை விட்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொரிக்காது என்று தெரிந்தே முட்டை வைத்தீர்கள், அதையும் என்னிடம் சொல்லவில்லை. நெஞ்சு எத்தனை நாளாக வலித்தது? அதையாவது சொன்னீர்களா? உங்கள் மேல் உள்ள கோபம் குறையவில்லை. அதில் எனக்கும் இப்போது ஒரு பங்கு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போதுதான் மாமனுக்குப் போன் போட்டேன். சிரிக்கிறார். “உங்கப்பாரு சேவல் இங்க வந்து ஒரு நாள் சும்மா இருக்கலீங்க மாப்ள. நேத்துத்தான் பதினோரு குஞ்சு எறங்கியிருக்குது.”

பாத்துக்கலாம் என்று விட்டுப் போனதை யார் பார்ப்பது? நான்தான். செய்யப்போவது இது:

1. இன்று லீவு சொல்லியாயிற்று. ஒன்பது மணிக்குக் குன்னத்தூர் கிளம்புகிறேன்.

2. ஏழு குஞ்சு வாங்கி வருவேன். உங்களுக்கு ஒற்றைப்படை இருந்தால்தானே திருப்தி.

3. பொழுது சாய்ந்ததும் முட்டைகளை அம்மா எடுப்பாள். நான் தொடமாட்டேன். கேட்டேன், “செரி” என்றாள். குஞ்சுகளைக் கோழியின் வயிற்றுக்கடியில் விடுவது நான். தான் பொரித்ததென்று நம்பிச் சேர்த்துக்கொண்டு எழுமா, தெரியாது. என்னைக் கொத்தினால் வாங்கிக்கொள்கிறேன்.

4. கட்டிங் வேஸ்ட்டை வாரிக் கொட்டிவிட்டு வைக்கோல் போடுவேன். ஊசி கூடையிலேயே இருக்கும்.

5. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். பாத்துக்கலாம் என்றால் தூக்கி வண்டியில் வைப்பேன்.

6. சேவலைத் திரும்பக் கொண்டுவருவேன். கூவட்டும். நைட் ஷிப்ட்டாக இருந்தாலும் கத்தமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் தூக்கம் கெட்ட மகன்