கருமாதியில் நான் சொன்ன வார்த்தை

மச்சான், உன் மகளுக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைக்காது என்று நான் அன்றைக்கே சொன்னேன். கிடைக்கும் என்று சொன்னதும் நான்தான். ஆக, எது நடந்தாலும் முன்கூட்டியே சொன்னவன் நான்.

காலையில் தம்போயில் உன் வீட்டில் பிளக் கருகிய வாடை. கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் உன் டெஸ்ட் பேனாவைத் தேடி எடுத்தேன். "வயரு சூடாவுதுன்னா கரண்டு வீணாப் போவுதுன்னு அர்த்தம்" என்பாய். எட்டு வயதில் உன் மகள், "சூடாவாத வயரு இல்லியாப்பா?" என்று கேட்டாள். முப்பது வருட வயர்மேன் நீ, தலையைச் சொறிந்தாய். "இருக்கு, ஜப்பான்ல" என்றேன் நான்.

அந்தக் கேள்வியிலேயே அவள் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். கடுங்குளிரில் வைத்தால் கொஞ்சமும் சூடாகாமல் மின்சாரத்தைக் கடத்தும் புதுப் பொருள்களைத்தான் இன்னும் தேடுகிறாள். அவளுடைய முதல் இயற்பியல் வாத்தியார் நான் என்று கோப்பிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நான் நின்றது அங்கே யாருக்கும் தெரியாது.

உன் கருமாதியன்று சாப்பாடு முடிந்ததும் சொந்தங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "படிச்சது போதும்லா. சிங்கப்பூர் சிப் ஃபேக்டரியில கூப்பிடுறான், போ" என்றார் லாபிஸ் ஊரிலிருந்து வந்த உன் அண்ணன். அவளைப் பெற்ற என் தங்கையும் தலையாட்டினாள். நான் எழுந்தேன்.

"மச்சான் கடைசியா படுத்துக்கிட்டே என் கையப் புடிச்சி, 'புள்ள ஆராய்ச்சிய வுடக்கூடாது'ன்னாரு."

போனவரின் கடைசிச் சொல்லுக்கு மேல் அங்கே யார் பேச முடியும்? உன் அண்ணன் இன்னொரு வடையை எடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை பணம் கேட்டு மனுப் போட்டாள். இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. இந்த மாதத்தோடு இருக்கிற வேலையும் முடிகிறது. சிங்கப்பூர்க்காரன் மறுபடி கூப்பிட்டிருக்கிறான், திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நேற்று போன் செய்தாள்.

"மாமா, அப்பா சரியா என்ன சொன்னாங்க?"

"அதாம்மா, எழுந்து உக்காந்து..."

"கருமாதியில, படுத்துக்கிட்டே சொன்னாங்கன்னீங்க?"

"எழுந்தாரு. அப்புறம் படுத்தாரு."

"அலமாக், மாமா! கத வேணாம். அப்பா சொன்னத மட்டும் சொல்லுங்க. அதுக்காகத்தான் எல்லாத்தையும் வுட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவாளா? சொல்லாவிட்டால் என் வாயில் வந்ததை நம்பி வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பாளா? நீ இருந்தால் எதைச் சொல்லியிருப்பாய்? உன்னை இத்தனை வருடம் தெரிந்தும் அது மட்டும் தெரியவில்லை, மச்சான்.

நீ போன அன்றைக்கு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. அது நானாகச் சொன்னது. "புள்ள வந்துட்டாளா?" என்று மட்டும்தான் கேட்டாய். ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பி, அவள் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்; வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். அதை அவளிடம் சொல்ல வாய் வராமல்தான் வேறொன்றைச் சொன்னேன்.