ஈஸ்டர் வரைக்கும் ஒரு சாக்கு

ராஜா அண்ணாமலைபுரம்,
தவக்காலம் நான்காம் ஞாயிறு

அன்புள்ள லிண்டா அக்காவுக்கு,

தங்கை ஈவ்லின் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஆண்டவர் தயவில் சுகமாக இருப்பீர்கள். இங்கே ஆண்ட்ரூ சுகம். சின்னவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது. தண்ணீர் லாரிதான் சொன்ன நாளில் வருவதில்லை. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கிட்டாரிலிருந்தே தொடங்குகிறேன்.

சிரிக்காதே. கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர் ஆதம்பாக்கத்துக்கு வீடு மாற்றிப் போய்விட்டார். குழுவை நடத்தும் ஃப்ளோரா டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டார். நாற்பத்தேழு வயதில் எனக்கு இது தேவையா? ஜனவரியிலிருந்து செவ்வாயும் சனியும் மாலையில் நோயலிடம் போகிறேன். மந்தைவெளியில் வீட்டு மாடியில் கிளாஸ் எடுக்கிறான், நம் பங்குக் கோவில்தான். நல்ல பிள்ளை, வாய்தான் ஓயாது.

இடது கை பரவாயில்லை. விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனாலும் கம்பிகளை அழுத்திக் கார்டு பிடிக்க வந்துவிட்டது. வலது கைதான் தகராறு. ஸ்ட்ரம்மிங் என்றால் கம்பிகளை வருடிவிடுவது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். இல்லையாம். மணிக்கட்டைத் தளரவிட்டு, கை மேலும் கீழும் ஒரே அளவில் நிற்காமல் ஆட வேண்டும். கம்பியில் படக்கூடாத நேரத்திலும் காற்றில் போய்வர வேண்டும். "கை கழுவிட்டுத் தண்ணிய உதறுவீங்கல்லக்கா, அந்த மாதிரி லூஸா வுடுங்க" என்றான்.

என் கை அப்படிப் போக மாட்டேன் என்கிறது, அக்கா. முதல் ஒரு நிமிடம் ஆறு கம்பியையும் தொடுகிறது. பிறகு நாலு, அப்புறம் ரெண்டு. பாட்டு முடிவதற்குள் ஒரே கம்பியின் மேல் விரற்கடை தூரம் ஆடுகிறது. நானாகக் குறைக்கவில்லை. பெரிதாக வாசிப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. "இன்னாக்கா, கை சுருங்கிக்கினே போவுது? கொஞ்ச நேரத்துல காணாமப் பூடும் போல கீதே!" என்று நோயல் சிரித்தான்.

வாயில் வந்ததைச் சொன்னேன். தவக்காலம் இல்லையா, வாத்தியத்தை அடக்கித்தானே வாசிக்க வேண்டும், அதற்குப் பழகுகிறேன் என்றேன். அவனும் கோவில் பிள்ளை, நம்பிவிட்டான். நாற்பது நாள் பாடாமல் விட்ட வானவர் கீதத்தை ஈஸ்டருக்குப் பாடும்போது மட்டும் வெளுத்து வாங்க வேண்டும் என்றான். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குப் பிறகு என்ன சொல்வேன்?

போன சனிக்கிழமை நான் வாசிப்பதைப் போனில் படம் பிடித்து, தப்பைத் தெரிந்துகொள்ளட்டும் என்று அனுப்பியிருந்தான். அடுப்படியில் நின்று பார்த்தேன். குக்கர் எத்தனை விசில் விட்டதென்றே தெரியவில்லை. கட்டைவிரல் விறைத்து, மணிக்கட்டு மரக்கட்டையாக, அது என் கை இல்லை அக்கா. அப்பாவின் கை. சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாரே, அதே கை. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்ன நாளில் நீதான் அவர் கூட இருந்தாய்.

லஸ்ஸில் நடக்கும்போது ஆண்ட்ரூ கேட்டார், "ஏன் ஒரு கைய மட்டும் வீசாம நடக்குற?" என்று. மூட்டுவலி என்று எரிந்து விழுந்தேன். பாவம், அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாருக்கும் கை இறுகும் என்று நோயல் சொல்கிறான். அதுவாகவே இருக்கட்டும். உனக்கு இந்த ஜென்மத்தில் கிட்டார் வராது என்று யாராவது சொன்னால் பாயசம் வைத்துக் கொண்டாடுவேன். மாதா கெபி முன்னால் நின்று, நான் மக்காகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒருத்தி வேண்டி மாதாவே கேட்டிருக்க மாட்டாள்.

அடையாறில் நரம்பு டாக்டரிடம் இரண்டு முறை நேரம் வாங்கினேன். இரண்டு முறையும் பாலத்தருகே ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது அக்கா, வேறொன்றுமில்லை.

அப்பாவுக்கு முதலில் கெட்டது எழுத்துதான், நினைவிருக்கிறதா? சைதாப்பேட்டை கோர்ட்டில் அவர் கையெழுத்துக்கு அத்தனை நல்ல பேர். வேலையில் கடைசி வருடம், ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது முத்து முத்தாக இருக்கும், முடியும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். பேப்பரை மிச்சம் பிடிக்கிறார் என்று நாம் இரண்டு பேரும் கேலி செய்தோமே, நமக்கு என்ன தெரியும்!

அதனால்தான் உனக்குப் போன் செய்யாமல், கோடு போடாத தாளில், நிறுத்தாமல் எழுதிக்கொண்டே வந்தேன். எழுதியதைத் திருப்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதல் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அத்தானிடம் காட்டாதே. எழுத்து ஒரே அளவில் இருந்தால் உடனே போன் போட்டு என்னைத் திட்டு, உன் வாய் வலிக்கும்வரை திட்டு. அப்படி இல்லையென்றால் போன் செய்யாதே அக்கா. டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அவர்களுடைய கை கால்களை ஆண்டவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
ஈவ்லின்