டயோடின் வெள்ளைக் கோடு

புதுச்சேரி,
8.3.2003

அன்புள்ள மச்சானுக்கு, நிஷாவின் சலாம்.

நீங்க மஸ்கட் போய்ச் சேர்ந்தது பெரியப்பா சொல்லித்தான் தெரிஞ்சுது. எனக்கு ரெண்டு வரி எழுதக்கூடாதா? நம்ம பொண்ணு மரீஹா நல்லாருக்கா. நான்தான் நல்லா இல்ல.

நம்ம கம்பெனி லட்சுமிக்கு வலது கண்ணு போயிடுச்சு. நான் சால்டரிங் பண்ணின ரேடியோ எலிமினேட்டரை டெஸ்ட் பண்ணத்தானே சொருகினா? கெப்பாசிட்டர் அவ மூஞ்சிக்கு நேரா வெடிச்சுது. நான்தான் டயோடைத் தப்பா வச்சேன்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டேன். உங்களுக்கு வந்த விசா கெட்டுடக் கூடாதுன்னுதான். இப்ப விஷயம் போலீஸ் வரைக்கும் போயிருக்கு. இருபத்தேழாந்தேதி தட்டாஞ்சாவடி கம்பெனியிலயே விசாரணை. டயோடு என்ன செய்யும்னு கேக்கறாங்க. எனக்கென்ன தெரியும்? சூப்பர்வைசர் நீங்க, நீங்க குடுத்த சாம்பிளைப் பாத்து வச்சேன். அதையும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டீங்க. என்ன சொல்லட்டும் மச்சான்?

உங்கள்
ஜஹபர் நிஷா

மஸ்கட்,
17.3.2003

அன்பு நிஷாவுக்கு,

அழாதே. கேட்டால் இப்படிச் சொல். வீட்டுக்கு வரும் கரண்ட் ஏசி. நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். டயோடு ஒரு பக்கம் போகும் பாதியை மட்டும் விடும், எதிர்ப்பாதியைத் தடுத்துவிடும். விட்டு விட்டு வரும் அந்தப் பாதியைக் கெப்பாசிட்டர் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கும். அதுதான் ரேடியோவுக்குப் போகும் டிசி. டயோடின் வெள்ளைக் கோடு கெப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் தடுக்க வேண்டிய பாதி உள்ளே போய், பிளஸ் மைனஸ் மாறி, கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கும்.

சாம்பிளில் கோட்டைத் திருப்பி வைத்தது நான்தான். அவசரத்தில் டெஸ்ட் பண்ணாமலே உன்னிடம் கொடுத்துவிட்டேன். இது நம் இரண்டு பேரோடு போகட்டும். வெளியே தெரிந்தால் இங்கிருந்து என்னை அனுப்பிவிடுவார்கள். உனக்கு வேலைதானே போகும்? மரீஹாவை நினைத்துப் பார். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் மச்சான்
ஹிதாயத்துல்லா

புதுச்சேரி,
27.3.2003

மச்சானுக்கு,

கிழிக்கல. நேத்து கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பாத்ததும் லட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மிச்சக் கண்ணுலயும் அவளுக்கு இன்னும் எழுத்து தெரியல. உங்க கடிதத்தை நானே வாசிச்சேன், ஒரு வரி விடாம. முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே"ன்னேன்.

இன்னிக்கு விசாரணையில கடிதத்தைக் குடுத்துட்டேன். தெரிஞ்சே மறைச்சேன்னு நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போயிடுச்சு. மரீஹாவோட எங்கம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இனிமே எழுதறதா இருந்தா மரீஹா பேருக்கு எழுதுங்க.

லட்சுமிக்குக் கஞ்சி வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன். வாங்கிப்பாளான்னு தெரியல.

ஜஹபர் நிஷா