பிரேசில் பாட்டும் உன் மீசையும்

மச்சான்,

நேற்று பாரிஸ் லா சப்பல் பகுதிச் சலூனில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தேன். வானொலியில் போசா நோவா என்கிற பிரேசில் பாட்டு ஒன்று மெல்ல ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அண்ணை, ஆடாதேங்கோ, வெட்டிப்போடும்!" என்று சலூன்காரர் கத்தியைத் தூக்கிக்கொண்டார். அவருக்கு உன் மீசைக் கதை எங்கே தெரியும்?

நாம் வேலை செய்த ரெஸ்டாரண்ட் குசினியில் நம்மோடு நின்ற பிரேசில்காரன் ஒருநாள் இதே மாதிரி ஒரு பாட்டைப் போட்டான். கோப்பை கழுவிக்கொண்டிருந்த நீ சட்டென்று திரும்பினாய். "டேய், இது எங்கட தமிழ்ப் படப் பாட்டின்ரை தாளமடா! களவெடுத்துப்போட்டாங்கள்!" நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் அவன் சிரித்தான். உனக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் சொன்னது பிழையெண்டால் மீசையை எடுக்கிறன்" என்று குசினி முழுக்கக் கேட்கச் சபதம் போட்டாய். அடுத்த வாரம் உன் மகளின் கல்யாணம் என்பதே உனக்கு மறந்துபோனது.

அவன் வாதாடவில்லை. பழைய படங்கள் ஓட்டும் ஒரு சின்னத் தியேட்டருக்கு நம் இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். பிரேசில் திருவிழா ஒன்றில் நடக்கும் கதை. சம்பா மேளம் தொடங்கியதும் உன் விரல் தானாகத் தாளம் போட்டது. பிறகு குசினியில் கேட்ட அதே தாளத்தில் மெதுவான கிட்டார் பாட்டு வந்தது. நீ அசையாமல் இருந்து கேட்டாய். இந்த மாதிரிப் படங்கள் வந்த பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் பலர் பிரேசில் பாட்டைத் தேடத் தொடங்கினார்கள் என்று அவன் சொன்னான். நீ களவு போனதாகச் சொன்ன தமிழ்ப் பாட்டு நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்தது. தியேட்டரில் பார்த்த பிரேசில் படமோ நாம் பிறக்கும் முன்பே வந்துவிட்டது. "எங்கட ஆக்களும் இதைப் படத்திலைதான் கேட்டிருப்பாங்கள், மச்சான்" என்று மெட்ரோவில் வரும்போது மெல்லச் சொன்னாய்.

"விடு, ஆர் கேக்கப்போகினம்?" என்றேன். நீ விடவில்லை. கல்யாண மண்டபத்தில் மழுமழுவென்ற முகத்தோடு வந்து நின்றாய். "சபையிலை தகப்பன் நிக்கிற கோலத்தைப் பாருங்கோ!" என்று உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். மகள் ஒரு கணம் திகைத்துப் பார்த்தாள். பிறகு மணவறையிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாடு முடிந்ததும் அந்தத் தமிழ்ப் பாட்டையே போடச் சொல்லி, பிரேசில்காரனைக் கையைப் பிடித்து இழுத்து ஆடினாய். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று எனக்குத்தான் பயம்.

நானோ தோற்றால் நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவன். தோற்ற மனிதன் அவ்வளவு சந்தோஷமாக ஆடி நான் பார்த்ததில்லை. நீ எங்களை விட்டுக் கண்ணை மூடிய பிறகும், வீட்டில் சண்டை முற்றி, பிழை என்னுடையதுதான் என்று உள்ளுக்குள் தெரியவரும்போது உன் முகம் வந்து நிற்கிறது. "ஓம், நீர் சொன்னதுதான் சரி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சிரிக்கிறேன். சபதம் போடும் அளவுக்கு நான் போவதேயில்லை.

அதனால்தான், மச்சான், என் மீசை இன்னும் இருக்கிறது.