கல்குவாரிக்குள் ஹெல்லாஸ்

என் பாசமுள்ள அண்ணா,

நீ ஆசைப்பட்ட குவாரிக்குள் அண்ணியும் நானும் இறங்கிவிட்டு வந்தோம். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, கைவிடப்பட்டுத் தண்ணீர் வற்றிக் கிடக்கிறதே, அதே இடம்தான். செவ்வாய்க் கிரகத்தில் பெரிய கல் மோதி உண்டான ஹெல்லாஸ் பள்ளம் எப்படியிருக்கும் என்று உன் மாணவர்களை அங்கே நிறுத்திக் காட்ட வேண்டும் என்பாயே. அந்தப் பாடத்தை நான் எடுப்பதாக உன் பள்ளியில் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பள்ளமென்றாலே எனக்குக் கால் கூசும், உனக்குத் தெரியும். லாரிப் பாதையில் பாறைச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அடியில் நின்று அண்ணிக்குச் சொன்னேன்: கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை ஹெல்லாஸுக்குள் அடங்கும். இமயமலையைத் தூக்கி உள்ளே வைத்தாலும் வெளியே தலை தெரியாது.

"நடுவுல நின்னா ஓரம் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணி. பள்ளத்துல கீறோம்னே தெரியாது."

அவர் முகம் ஏன் அப்படி வெளுத்தது? நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ?

அப்போது மேலிருந்து ஒரு காவலாளி கத்தினார். "இன்னாம்மா பண்ணிகினு கீறீங்க அங்க? பக்கத்து குவாரில வெடி வைக்கிறாங்க! செவுத்தாண்ட நிக்காதீங்க, நடுவுல ஓடுங்க!"

ஓடினோம். தரை ஒருமுறை குலுங்கியது. நாங்கள் இறங்கி வந்த பாதையில் பாறை ஒன்று பெயர்ந்து விழுந்து சிதறியது. எங்கும் புழுதி. அண்ணியைக் காணவில்லை. "அண்ணி!" என்று அலறினேன், என் குரல்தான் நாலு பக்கமும் மோதித் திரும்பியது. உன்னை இழந்தது போதாதென்று இவரையும் கூட்டிவந்து பறிகொடுத்துவிட்டேனா? ஒரு பாறைக்கே இந்த நடுக்கமென்றால், செவ்வாயில் அந்தக் கல் விழுந்தபோது எப்படி இருந்திருக்கும், அண்ணா? அகலமும் ஆழமும் படித்தேனே தவிர, அது விழுந்த நொடியை நான் நினைத்ததே இல்லை.

ஒரு கை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. முகமெல்லாம் மண்ணாக அண்ணி. நீ போன அன்றுகூட அழாதவர், என் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். "உங்க அண்ணன் இல்லாத வூட்டுக்குத் திரும்பிப் போணுமே தேவி, அதான் இதவிட பயமா கீது."

காவலாளி இறங்கி வந்து எங்களை மேலே ஏற்றிவிட்டார். அன்றே அண்ணியை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். தட்டு கீழே விழுந்தால்கூட இருவரும் துள்ளி எழுகிறோம்.

பிள்ளைகளை அந்தக் குவாரிக்குக் கூட்டிப் போகமாட்டேன். நெம்மேலிக் கடற்கரை மணலில் ஹெல்லாஸைத் தோண்டிக் காட்டுவேன். குரல் நடுங்கினாலும் கல் விழுந்த அந்த நொடியையும் சொல்வேன். அண்ணியை மட்டும் அந்த வீட்டில் தனியாக விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை,
தேவி